பிளந்த கொய்யாக் கவட்டைக்குத் தப்பைக் கட்டு: நாலில் பிழைத்தது ரெண்டு

போன வாரம் 11ஆம் கொய்யா மரத்தின் மேற்கு வாதிலிருந்து, அதாவது பக்கக் கிளையிலிருந்து, ஏழு காய் அறுத்தேன். தராசில் ஒன்றே முக்கால் கிலோ நின்றது. கொய்யாவுக்கு இதெல்லாம் ஒரு மகசூலே இல்லை, அதே மரத்தின் கிழக்கு வாது இதைப்போல ரெண்டு மடங்கு கொடுத்திருக்கிறது. ஆனால் இந்த மேற்கு வாது சித்திரையில் தாய்த்தண்டைக் கிழித்துக்கொண்டு தோலில் தொங்கிய வாது. அது காய்த்ததால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். செத்துப்போயிருந்தால் சத்தமில்லாமல் அடுப்புக்குப் போட்டிருப்பேன். அப்படிப் போட்டதும் ரெண்டு உண்டு, அதையும் சொல்கிறேன்.

இடம் குப்பனூர்ப் பக்கம், சேர்வராயன் மலை அடிவாரம். சரளை கலந்த செம்மண். 2022 ஆகஸ்டில் லக்னோ 49 ரகக் கொய்யாக் கன்று 18 வைத்தேன், 12 அடிக்கு 12 அடி. கன்றாக இருந்தபோது ஒழுங்காகக் கவாத்து செய்யவில்லை. ஆளில்லை, நேரமில்லை என்று தள்ளிப்போட்டேன். விளைவு, இந்த வருசம் பங்குனியில் ஒன்பது, பத்து அடிக்கு ஒட்டடைக்குச்சி மாதிரி நிமிர்ந்து நின்றன. உச்சியில் நாலு காய், கீழே வெறும் இலை. கொய்யா புதுத் தளிரில்தான் பூக்கும். வாதைப் படுக்க வைத்தால் அதன் முதுகு முழுக்கத் தளிர் வரும், தளிருக்குத் தளிர் பூ வரும். ரம்பம் எடுக்காமல் வேலை முடியுமே என்று வளைத்துக் கட்ட முடிவு செய்தேன்.

வளைக்கும் முன் வாதின் நுனியில் ஒரு அடி விட்டுவிட்டு, மீதி நீளத்தில் இலை, பூ, பிஞ்சு, சின்னச் சிம்பு எல்லாவற்றையும் உருவிவிட வேண்டும். அதைச் சரியாகவே செய்தேன். கயிறு 4 மி.மீ நைலான். கயிறு தோலை அறுக்காமல் இருக்க, பழைய 16 மி.மீ சொட்டுநீர்க் குழாயை விரல் நீளத்துக்கு வெட்டிக் கயிற்றில் கோத்துக்கொண்டேன். கயிற்றைக் கட்டத் தரையில் அடிக்கும் முளைக்குக் கிளுவைக் குச்சி. இந்தக் குழாய்த் துண்டு யோசனை ஒன்றுதான் முதல் நாளில் நான் உருப்படியாகச் செய்தது.

முந்தின நாள் சாயங்காலம் தண்ணீர் விட்டிருந்தேன். மரம் தெம்பாக இருக்கும், வளைக்கும்போது தாங்கும் என்று கணக்கு. காலை ஏழு மணிக்கு ஆரம்பித்தேன். முதல் ரெண்டு மரம் வளைந்து கொடுத்தது. மூன்றாவது மரத்தில் கயிற்றை இழுத்து முளையில் சுற்றும்போது, முருங்கைக்காயை ஒடித்தால் வருமே, அந்தச் சத்தம். வாது 32 மி.மீ கனம். வாது தண்டிலிருந்து பிரியும் கவட்டையிலிருந்து தண்டுக்குள் 11 செ.மீ கீழே வரைக்கும் நாக்கு நீட்டினாற்போலப் பிளந்து வந்துவிட்டது. உள்ளே கட்டை வெள்ளையாக, ஈரமாக மினுங்கியது.

கையில் அப்போது இருந்தவை வண்டிப் பெட்டியில் கிடந்த கறுப்பு இன்சுலேஷன் டேப், கட்டுக்கம்பி, கொறடு, போன மாதம் தண்டுக்குப் பூசி மிச்சமான போர்டோ பசை (மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த பூசண மருந்து) கொஞ்சம். காயம் என்றால் மருந்து போட வேண்டும்தானே? பிளவுக்குள் போர்டோ பசையைப் பிரஷ்ஷால் தாராளமாகப் பூசினேன். வாதைத் தூக்கிப் பிடித்து, மேலே டேப்பைச் சுற்றி, அதற்கு மேல் கட்டுக்கம்பியைக் கொறடால் முறுக்கினேன். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. படம்கூட எடுத்து வைத்தேன்.

பன்னிரண்டாம் நாள் அந்த வாதில் தளிர் வந்தது, மற்ற வாதுகளுக்குச் சமமாக. ஒட்டிவிட்டது என்று வீட்டில் எல்லோரிடமும் சொன்னேன். இருபதாம் நாள் தளிரெல்லாம் வெந்த கீரை மாதிரி தொங்கியது. பிரித்துப் பார்த்தால், டேப்புக்கு அடியில் மாவுப்பூச்சி குடும்பத்தோடு உட்கார்ந்திருக்கிறது, எறும்பு சாரை. பிளவின் ரெண்டு முகத்துக்கும் நடுவில் போர்டோ பசை நீலச் சுண்ணாம்பாகக் காய்ந்து தனி ஏடாகப் பெயர்ந்து வந்தது. கம்பி முறுக்கிய இடத்தில் தோல் கறுத்துவிட்டது. வெட்டி எடுத்த வாதில் இருந்த தளிர், வாது தனக்குள் சேர்த்து வைத்திருந்த சத்தில் வந்த தளிர். வேரிலிருந்து வந்ததல்ல. பன்னிரண்டாம் நாள் தளிரை நம்பாதே என்று இப்போது நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.

7ஆம் மரத்தின் கதை சின்னது. அதுவும் அதே காலையில் பிளந்திருக்கிறது, நான் கவனிக்கவில்லை. மறுநாள் பதினொரு மணிக்குப் பார்த்தபோது பிளவு எட்டு செ.மீ, முகம் ரெண்டும் காய்ந்து பழுப்பாகிவிட்டது. சித்திரை வெயில். பிறகு ஒழுங்கான கட்டே போட்டும் பாதித் தோல்தான் உயிரோடு இருந்தது. சோகை பிடித்த இலையோடு ஆடி வரை இழுத்துக்கொண்டு கிடந்து, முதல் காற்றில் கழன்று விழுந்தது.

அந்த ஒழுங்கான கட்டு எங்கே கற்றேன் என்றால், என் தூரத்து மாமா ஒருவரிடம். மல்கோவாவும் இமாம்பசந்தும் ஒட்டுக்கட்டியே முப்பது வருசம் ஓட்டியவர். இப்போது கண் மங்கிவிட்டது, ஆனால் விரல் மங்கவில்லை. மூன்றாம் மரத்தின் படத்தைக் காட்டினேன். போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "ஏன் மாப்ள, புண்ணுக்குள்ள சுண்ணாம்பை அடைச்சுட்டு எப்படி ஒட்டும்ங்கறே?" என்றார். "பச்சைக்குப் பச்சை ஒட்டணும். நடுவுல மசிரு கெடந்தாலும் ஆவாது."

அவர் சொன்னதில் எனக்குப் புரிந்தது இவ்வளவு. கட்டையும் கட்டையும் ஒரு நாளும் ஒட்டாது. தோலுக்கு அடியில் பச்சையாக வழுவழுவென்று ஒரு படலம் இருக்கிறதே, அதன் விளிம்பும் எதிர்ப்பக்க விளிம்பும் நேருக்கு நேர் உட்கார வேண்டும். ஈரம் காய்வதற்குள் உட்கார வேண்டும். அசையக் கூடாது. காற்று புகக் கூடாது. மருந்தெல்லாம் கட்டுக்கு வெளியே. எலும்பு முறிவுக்குப் புத்தூர் கட்டு போடுவார்களே, அதே தப்பைதான் இதற்கும் என்றார். மூங்கிலைப் பிளந்து அவரே மூன்று தப்பை சீவிக் கொடுத்தார்.

அடுத்த நாள் சேலம் செவ்வாய்ப்பேட்டை போய்ச் சாமான் வாங்கினேன். ஒட்டுக்கட்டும் பாலித்தீன் நாடா ஒரு சுருள் 140 ரூபாய். பஞ்சர் கடையில் கிழிந்த சைக்கிள் டியூப் ரெண்டு. காசு வேண்டாம் என்றார், டீக்கு இருபது ரூபாய் கொடுத்துவிட்டு வந்தேன். டியூப்பை நீளவாக்கில் வெட்டி இரண்டரை செ.மீ அகலத்தில், ஒன்றேகால் மீட்டர் நீளத்தில் பட்டைகளாக்கினேன். கோணிச்சாக்குத் துண்டு, பழைய பருத்திச் சேலைக் கிழிசல், சின்னத் தண்ணீர் பாட்டில். எல்லாவற்றையும் ஒரு கட்டைப்பையில் போட்டு, வளைக்கிற மரத்தின் அடியிலேயே வைத்துக்கொண்டேன். இந்தப் பை மூன்றாம் மரத்தின் அடியில் இருந்திருந்தால்!

ஐந்து நாள் தண்ணீர் நிறுத்திவிட்டு, மத்தியானம் ரெண்டரை மணிக்கு மறுபடி வளைக்க ஆரம்பித்தேன். வித்தியாசம் கையிலேயே தெரிந்தது. காலையில் தண்ணீர் ஏறிய வாது பச்சை வெண்டைக்காய், மத்தியானம் அது வாடிய வெண்டைக்காய். பத்தாம் மரம் வரை ஒரு சத்தமும் இல்லை. 11ஆம் மரத்தில் என் பேராசை. வாது ஏற்கெனவே பாதிக்கு மேல் சாய்ந்துவிட்டது, இன்னும் ஒரு கை இழுத்தால் தரைக்குச் சமமாக வந்துவிடும் என்று இழுத்தேன். வந்தது, தண்டையும் சேர்த்துக்கொண்டு.

வாது 28 மி.மீ. பிளவு 17 செ.மீ, முக்கால் சாண். கீழ்ப்பக்கத் தோலில் மட்டும் தொங்கியது. இந்த முறை பதறவில்லை. அதாவது, சத்தம் போட்டு வீட்டுக்காரியைக் கூப்பிட்டேன், ஆனால் கை பதறவில்லை.

முதலில் கயிற்றை அவிழ்த்தேன். பாட்டில் தண்ணீரைப் பிளவுக்குள் ஊற்றி மண், தூசி, நார்ச் சிலாம்பு போக அலசினேன். நீட்டிக்கொண்டிருந்த ரெண்டு சிலாம்பைக் கத்தி நுனியால் எடுத்தேன். அது உள்ளே மடங்கிக்கொண்டால் பிளவு மூடாது. அவள் வாதை ரெண்டு கையாலும் தூக்கி, பழைய நிமிர்வுக்குக் கொண்டுவந்து பிடித்தாள். இது ஒற்றை ஆள் வேலை இல்லை. தோலின் விளிம்பு எங்கே சேர்கிறது என்று விரலால் தடவிப் பார்த்து, "கொஞ்சம் உன் பக்கம் திருப்பு, போதும், போதும்" என்று சொல்லிச் சொல்லி உட்கார வைத்தேன். ஒரு பக்க விளிம்பு மயிரிழையாகச் சேர்ந்தது. மறுபக்கம் ஒரு மில்லிமீட்டர் மேடு பள்ளமாகத்தான் நின்றது. விட்டுவிட்டேன்.

பிறகு தண்டின் மேல் பாம்புச் சட்டை மாதிரி உரிந்து நிற்கும் பழைய தோலைச் சுரண்டினேன். கொய்யாவுக்கு இது முக்கியம், மாவுப்பூச்சி ஒளிவதே அதற்கடியில்தான். ஒட்டு நாடாவைப் பிளவின் அடியிலிருந்து மேலே, ஒரு சுற்றின் பாதியை அடுத்த சுற்று மூடுகிற மாதிரி ஏற்றிக்கொண்டு போனேன். மேலிருந்து கீழே சுற்றினால் மழைத் தண்ணீர் ஒவ்வொரு மடிப்பிலும் உள்ளே இறங்கும். அதன் மேல் டியூப் பட்டையை இழுத்து இழுத்துச் சுற்றினேன். கவட்டையில் எட்டுப் போட்டு நாலு சுற்று. அதற்கு மேல் சாக்குத் துண்டு, மூன்று தப்பை, ஒவ்வொன்றும் 30 செ.மீ நீளம், ரெண்டு செ.மீ அகலம். தப்பையின் மேல் சேலைக் கிழிசலால் ஐந்து இடத்தில் கட்டு. வாது உடைந்தது முதல் கட்டு முடிந்தது வரை இருபது நிமிசம் இருக்கும், அதில் பிளவு திறந்து கிடந்தது ஆறேழு நிமிசம்.

வாதின் பாரத்தைக் கட்டு தாங்கக் கூடாது. கவையுள்ள வேப்பங்கொம்பு ஒன்றை முட்டுக் கொடுத்தேன், கவையில் சாக்கு சுற்றி. நுனியில் விட்டிருந்த இலையிலும் பாதியைக் கிள்ளிவிட்டேன். அரைகுறையாகத் தண்ணீர் ஏறும் வாதுக்கு முழு இலையைச் சுமக்க வழியில்லை. அன்று சாயங்காலமே மரத்துக்குத் தண்ணீர் விட்டேன். வளைப்பு? அதை மறந்துவிட வேண்டியதுதான். உடைந்த வாது முட்டில் பாதிச் சாய்வாக நின்றது, அந்தச் சாய்வே போதும் என்று விட்டுவிட்டேன்.

அம்மா வந்து பார்த்தார். "கைகால் ஒடிஞ்ச புள்ளைக்குக்கூட நீ இப்படிப் பார்த்ததில்லையேடா" என்றார்.

இந்த முறை தளிரைப் பார்க்கவில்லை. இருபது, முப்பது நாள்களில் கட்டுக்கு மேலே ஒரு சாண் தள்ளி நகத்தால் லேசாகக் கீறிப் பார்த்தேன், ரெண்டு முறையும் பச்சை, ஈரம். 45ஆம் நாள் பிரித்தேன். பிளவின் கோடு நெடுக, மெழுகு வழிந்து உறைந்ததுபோல வெளிர் மஞ்சளாகப் புடைப்பு. விளிம்பு மயிரிழையாகச் சேர்ந்த பக்கத்தில் கோடே பாதி மறைந்துவிட்டது. மேடு பள்ளமான பக்கத்தில் புடைப்பு பெரிதாகவும் கோணலாகவும் இருந்தது, ஆனால் மூடியிருந்தது.

இங்கேயும் ஒரு தப்பு. டியூப் பட்டையை 45 நாள் விட்டது அதிகம். நல்ல வளர்ச்சிக் காலம், தண்டு பருத்துவிட்டது, டியூப் அந்த அளவுக்கு இளகவில்லை. இடுப்பில் பாவாடை நாடா பதிகிற மாதிரி ரெண்டு, மூன்று மில்லிமீட்டர் ஆழத்துக்கு வளையம் வளையமாகத் தழும்பு. அதற்கு மேல் தோல் வீங்கியிருந்தது. இன்னும் இருபது நாள் விட்டிருந்தால் என் கட்டே மரத்தின் கழுத்தை நெரித்திருக்கும். இனி 25ஆம் நாள் ஒரு தடவை தளர்த்திக் கட்டுவேன். பிரித்த பிறகு வெறும் ஒட்டு நாடாவும் தப்பையும் மட்டும் போட்டு இன்னொரு 45 நாள். முட்டுக்கொம்பை மட்டும் ஆடி முடிந்து ஆவணியில்தான் எடுத்தேன். ஆடிக்காற்றில் அந்த வாது ஆடுவதைப் பார்த்துக்கொண்டு நிற்க எனக்குத் தெம்பில்லை.

14ஆம் மரம் வேறு மாதிரி. அங்கே உடைந்தது வாது அல்ல, மரமே. தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் தண்டு ரெண்டாகப் பிரிந்து, ஒன்று 41 மி.மீ, ஒன்று 36. ரெண்டும் கை கோத்தாற்போல ஒட்டி நிமிர்ந்து போகும் ஒடுக்கமான கவட்டை. இப்படிப்பட்ட கவட்டையில் ரெண்டு தண்டின் தோலும் நடுவில் மடிந்து மாட்டிக்கொண்டிருக்கும், கட்டையோடு கட்டை பிணைந்திருக்காது. வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது, பிளந்தபோது தெரிந்தது. உள்ளே காய்ந்த பழுப்புத் தோல் விரலிடை ஆழத்துக்கு. அங்கே எதுவும் ஒட்டப்போவதில்லை, கட்டு மட்டும் போட்டால் அவிழ்த்த அன்றே மறுபடி பிளக்கும்.

மாமாவிடம் கேட்டேன். "அதுக்கு ஆணி அடிக்கணும் மாப்ள. எனக்குத் தெரியாது, ஆசாரியைக் கேளு" என்றார்.

வண்டியில் பாரம் கட்டுவதுபோல, ரெண்டு தண்டையும் சேர்த்துக் கயிறு சுற்றி, நடுவில் ஒரு குச்சியை நுழைத்து முறுக்கினேன். ஒவ்வொரு முறுக்குக்கும் பிளவு மூடிக்கொண்டே வந்தது. முழுதாக மூடியதும் குச்சியைத் தண்டோடு சேர்த்துக் கட்டிவிட்டு, ஊர் ஆசாரியிடம் இரவல் வாங்கிய பேட்டரி டிரில்லில் ஆறரை மி.மீ பிட்டு போட்டுத் துளைத்தேன். கவட்டைக்கு மூன்று விரல் மேலே ஒன்று, பிளவின் நடுவில் ஒன்று. கொய்யாக் கட்டை கெட்டி, பிட்டு சூடேறி வாசனை வந்தது. பாதியில் வெளியே இழுத்துத் தூளை உதறிவிட்டு மறுபடி இறக்கினேன். 6 மி.மீ மரை போட்ட ஜி.ஐ ராடு ஒரு மீட்டர் 70 ரூபாய். ஆக்சா பிளேடால் வேண்டிய நீளத்துக்கு அறுத்து, ரெண்டு முனையிலும் அகல வாஷர், நட்டு, அது ஒரு இருபது ரூபாய்.

மேல் நட்டைத் தேவைக்கு மேல் இறுக்கிவிட்டேன். வாஷர் தோலை அழுத்திச் சாறு கசிந்தது. அரைச் சுற்றுத் தளர்த்தினேன். காயத்துக்குள் எதுவும் வைக்காமல், வாஷரைச் சுற்றி மட்டும் போர்டோ பசை. 100 கிராம் மயில்துத்தம், 100 கிராம் சுண்ணாம்பு, ஒரு லிட்டர் தண்ணீர், பிளாஸ்டிக் வாளியில். இரும்பு வாளியில் கலக்கக் கூடாது. கவட்டைக்கு ரெண்டடி மேலே ரெண்டு தண்டையும் குழாய்த் துண்டு கோத்த கயிற்றால் தளர்வாகப் பிணைத்துவிட்டேன், காற்றில் ஆளுக்கொரு பக்கம் இழுக்காமல் இருக்க. அதன் பிறகு இந்த மரத்தை வளைக்கவே இல்லை. நாலு சின்ன வாதை மட்டும் கவாத்து செய்தேன். ஆடியைத் தாண்டிவிட்டது. காய் சுமாராகத்தான்.

கைக்காசு மொத்தம் 250 ரூபாய். டிரில்லுக்கு வாடகை ஒரு கூடை கொய்யா, இன்னும் கொடுக்கவில்லை. போன ரெண்டு வாதில் பத்துக் கிலோவாவது போயிருக்கும்.

மறுபடி வளைத்தால், கயிறு இழுப்பதற்கு முன்பே எல்லாக் கவட்டைக்கும் டியூப்பால் எட்டுக் கட்டு போட்டுவிடுவேன். பன்னிரண்டு, பதினைந்து, பதினாறு, இந்த மூன்று மரத்தில் அப்படித்தான் செய்தேன், ஒன்றுகூடப் பிளக்கவில்லை. மரத்துக்கு மூன்று நிமிசம்தான் கூடுதல், வளைத்து ஒரு வாரத்தில் அவிழ்த்துவிடலாம். ஒரே நாளில் தரைக்குக் கொண்டுவர மாட்டேன். இன்றைக்குப் பாதி, எட்டு நாள் கழித்து மீதி. 14ஆம் மரம் மாதிரி ஒடுக்கமான கவட்டை இருந்தால் அதை வளைப்பதற்குப் பதிலாக ஒரு தண்டை வெட்டிவிடுவேன். அதைக் கன்றாக இருக்கும்போதே நகத்தால் கிள்ளியிருந்தால் இந்த ராடும் வேண்டாம், டிரில்லும் வேண்டாம்.

நேற்று 14ஆம் மரத்தின் நட்டைத் திருகிப் பார்க்க ஸ்பேனரோடு போனேன். தோல் வாஷரின் விளிம்பின் மேல் ஏற ஆரம்பித்துவிட்டது. இன்னும் ரெண்டு வருசத்தில் நட்டே உள்ளே போய்விடும், உள்ளே இரும்பு இருப்பது யாருக்கும் தெரியாது. பின்னாளில் இதை அறுக்கிறவன் ரம்பத்தை உடைத்துக்கொள்ளக் கூடாதே என்று, தண்டைச் சுற்றி ஒரு கை அகலத்துக்குச் சிவப்புப் பெயிண்ட் அடித்து வைத்திருக்கிறேன்.